டாஃப்னியா செத்துப்போச்சுன்னா உடனே தண்ணியைக் குத்தம் சொல்லாதீங்க: அறிகுறியைப் பாத்து பிழை பிடிக்கிற வழி

கழிவுநீர்ல டாஃப்னியா, ஆல்கா, ஒளிவிடுற பாக்டீரியான்னு ஏதாவது ஒரு உயிரை விட்டு விஷத்தன்மை பாக்குறவங்களுக்குத் தெரியும், மீட்டர் தப்பா காட்டுனா கேலிப்ரேட் பண்ணிட்டு வேலையைப் பாக்கலாம், உயிர் தப்பா காட்டுனா எங்கேருந்து தேடுறதுன்னே புரியாது. உயிர் பொய் சொல்லாது. ஆனா நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. தண்ணில விஷம் இருக்கான்னு நாம கேக்குறோம், அது "எனக்கு மூச்சு விட ஆக்சிஜன் இல்ல"ன்னு சொல்லிட்டு சாவுது, ரிசல்ட் ஷீட்ல ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் விழும்.

நான் அதிகமா கையாள்றது டாஃப்னியா மேக்னா, அதாவது நீர்த்தெள்ளு, அதனால அதைப் பத்தி நீளமா இருக்கும். மத்ததை தேவையான அளவுக்கு சொல்றேன்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல ரெண்டு தாளை எடுத்து மேசைல வைங்க. ஒன்னு இந்த டெஸ்ட்டோட கன்ட்ரோல் ரிசல்ட் (சாம்பிள் கலக்காத தண்ணில விட்ட உயிருங்க என்ன ஆச்சுன்னு), இன்னொன்னு கடைசியா பண்ண ரெஃபரன்ஸ் டெஸ்ட் (தெரிஞ்ச விஷத்தைக் கொடுத்து உயிருங்க சரியா நடந்துக்குதான்னு பாக்குறது). டாஃப்னியாவுக்கு பொட்டாசியம் டைக்ரோமேட் வச்சு 24 மணி நேர ஈசி50 (பாதி உயிரை அசையாம ஆக்குற செறிவு) லிட்டருக்கு 0.6லேருந்து 2.1 மில்லிகிராமுக்குள்ள வரணும். 0.6க்கு கீழ போனா உங்க கல்ச்சர் (லேப்ல வளக்குற கூட்டம்) பலவீனமா இருக்கு, எதைக் கொடுத்தாலும் சாகும். 2.1க்கு மேல போனா குட்டிங்க வயசு கூடிப்போச்சா, டைக்ரோமேட் ஸ்டாக் சரியா கரைச்சதான்னு பாருங்க. இந்த ரெண்டு தாளும் இல்லாம கீழ இருக்குற எதையும் தொடங்காதீங்க, வெறும் ஊகமாத்தான் போகும்.

கன்ட்ரோல்லயே குட்டிங்க சாவுது

20 குட்டில 2 வரைக்கும் அசையாம போனா ஏத்துக்கலாம், அதாவது 10 சதவீதம். 3 ஆச்சுன்னா அந்த டெஸ்ட் செல்லாது, சாம்பிள் ரிசல்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. "கன்ட்ரோல்ல 4 செத்துச்சு, சாம்பிள்ல 18 செத்துச்சு, அதனால கழிச்சு 14"ன்னு கணக்குப் போட்டு ரிப்போர்ட் குடுக்குறவங்களைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ஏற்கனவே நொந்து போன குட்டியும் ஆரோக்கியமான குட்டியும் ஒரே விஷத்துக்கு ஒரே மாதிரி நடந்துக்காது.

முதல் சந்தேகம் தண்ணி. வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல டாஃப்னியா வாழாது, அதுக்கு உப்புங்க வேணும், முக்கியமா சட்டை உரிச்சு புதுசு கட்டுறதுக்கு கால்சியம் வேணும். ஐஎஸ்ஓ டைல்யூஷன் தண்ணின்னா (சாம்பிளை நீர்க்க வைக்க ஐஎஸ்ஓ தரப்படி உப்பு போட்டு கலக்குற தண்ணி) லிட்டருக்கு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மி.கி., மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 123.25 மி.கி., சோடியம் பைகார்பனேட் 64.75 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 5.75 மி.கி. இதுல எது பாட்டில்ல டைஹைட்ரேட், எது நீரில்லாததுன்னு லேபிளைப் படிக்காம எடை போடுறதுதான் அடிக்கடி நடக்குற தப்பு. கலந்து முடிச்சதும் ஹார்ட்னஸ் அளந்து பாருங்க, கால்சியம் கார்பனேட் கணக்குல லிட்டருக்கு 250 மி.கி. பக்கம் வரணும். வரலன்னா எடைலதான் கோளாறு. இன்னொன்னு, கலந்த உடனே குட்டியை விடாதீங்க, ஒரு ராத்திரி ஏர் விட்டு பிஎச் 7.8 பக்கம் நிலைக்கட்டும்.

குழாய்த் தண்ணி பயன்படுத்துறவங்களுக்கு ரெண்டு எதிரி, குளோரினும் செம்பும். குளோரின் ஏர் விட்டா ஓரளவுக்குப் போயிடும் (குளோரமைனா இருந்தா அப்படி லேசுல போகாது), செம்பு எங்கேயும் போகாது. லிட்டருக்கு சில பத்து மைக்ரோகிராம் செம்பே டாஃப்னியாவுக்கு ஆபத்து, மனுஷன் குடிக்கிற தண்ணில அதை விட பல மடங்கு இருந்தாலும் யாரும் கவலைப்படுறது இல்ல.

எனக்கு நடந்தது ஒன்னு சொல்றேன். பல வாரமா கன்ட்ரோல்ல சாவு, ஆனா எல்லா பீக்கர்லயும் இல்ல, நாலு பீக்கர் வச்சா ஒன்னுல மட்டும் அஞ்சுமே செத்துக் கிடக்கும், பக்கத்துல இருக்குறதுல அஞ்சும் துள்ளிக்கிட்டு இருக்கும். கல்ச்சரை மாத்துனேன், தண்ணியை மாத்துனேன், ஒன்னும் நடக்கல. கடைசில பீக்கர் ஒவ்வொன்னுக்கும் அடில பென்சில்ல நம்பர் போட்டு, எந்த நம்பர்ல சாவு வருதுன்னு மட்டும் எழுதிக்கிட்டே வந்தேன். அதே நாலஞ்சு பீக்கர் திரும்பத் திரும்ப வந்துச்சு. அந்த பீக்கருங்க காலைல முதல்ல கழுவப்படுறதுங்க, கடைசி அலசல் புதுசா பித்தளை (செம்பு கலந்தது) வால்வு மாட்டுன குழாய்ல, ராத்திரி முழுக்க வால்வுல நின்ன தண்ணி முதல் சில பீக்கருக்குள்ள போயிருக்கு, யாரோ அதுங்களை அலசி அப்படியே கவுத்து காய வச்சிருக்காங்க. அதுலேருந்து எங்க லேப்ல கடைசி அலசல் எப்பவும் டைல்யூஷன் தண்ணிலதான்.

உங்களுக்கும் இதே மாதிரி இருந்தா ஒரே தாய்ங்க போட்ட குட்டிங்களை மூணா பிரிங்க: கல்ச்சர் தண்ணில கொஞ்சம், புது டைல்யூஷன் தண்ணில கொஞ்சம், அதே டைல்யூஷன் தண்ணியை இதுவரை பயன்படுத்தாத கண்ணாடில ஊத்தி கொஞ்சம். எந்தக் குவியல் சாவுதோ அங்க காரணம் இருக்கு. மூணுலயும் செத்தா குட்டிங்கதான் பலவீனம். அது போக பைப்பெட் நுனி குறுகலா இருந்தா குட்டி நசுங்கும், நுனியை வெட்டி நெருப்புல காட்டி மழுங்க வச்சுக்கங்க. கல்ச்சருக்கும் டெஸ்ட் தண்ணிக்கும் நடுவுல வெப்பநிலை வித்தியாசம் இருந்தா அதுவே அடி.

குட்டிங்க தண்ணி மேல ஒட்டிக்கிட்டு மிதக்குது

இது விஷம் இல்ல. குட்டியோட ஓடு தண்ணியை ஒட்டவிடாத மாதிரி இருக்கும், காத்து ஒரு குமிழி உள்ள மாட்டுனா மேல வந்து படலத்துல சிக்கிக்கும், அப்புறம் இறங்க முடியாம களைச்சு செத்துடும். காரணம் பெரும்பாலும் நம்ம கைதான், பைப்பெட்டை தண்ணிக்கு மேல வச்சு சொட்டு சொட்டா விடுறோம். நுனியை தண்ணிக்குள்ள முக்கி அங்க விடுங்க. ஏற்கனவே மிதக்குறதுக்கு மேலேருந்து ஒரு சொட்டு தண்ணியை மெதுவா விட்டா முங்கிடும். சாம்பிள்ல எண்ணெய்ப் படலம் இருந்து மிதக்குதுன்னா அது வேற கதை, மேல் படலத்தை விட்டு நடுவுலேருந்து சாம்பிள் எடுத்து ஒரு தடவை வைங்க, ரெண்டு ரிசல்ட்டையும் ரிப்போர்ட்ல எழுதுங்க.

கல்ச்சர்ல குட்டியே வரல, தாய் முதுகுல கருப்பா சேணம் மாதிரி இருக்கு

அது எஃபிப்பியம், உறங்கு முட்டை. நல்ல காலத்துல டாஃப்னியா ஆண் துணையே இல்லாம பொண்ணுக் குட்டியா போட்டுக்கிட்டே இருக்கும். இனி நிலைமை மோசம்னு அதுக்குத் தோணுனா ஆணைப் போடும், அப்புறம் இந்த கருப்பு முட்டையை கட்டிக்கும். நெரிசல், சாப்பாடு பத்தாம போறது, வெளிச்ச நேரம் குறையுறது, திடீர் வெப்பநிலை மாற்றம், இதுல ஏதோ ஒன்னு நடந்திருக்கு. அந்த ஜாடில இருக்குற எதையும் டெஸ்ட்டுக்கு எடுக்காதீங்க, கூட்டத்தைக் குறைச்சு, 16 மணி நேரம் வெளிச்சம் 8 மணி நேரம் இருட்டுன்னு டைமர் ஓடுதான்னு பாருங்க. பவர் கட்டுக்கு அப்புறம் டைமர் தள்ளிப்போய் நிக்கிறது நிறைய இடத்துல நடக்குது.

உடம்பு இளஞ்சிவப்பா மாறுனா ஆக்சிஜன் கம்மி, அதை சமாளிக்க ஹீமோகுளோபின் அதிகமா உண்டாக்குது. சாப்பாட்டுக்கு போடுற ஆல்கா அடில கெட்டியா படிஞ்சு அழுகுதான்னு பாருங்க. வெளிறிப்போய் கண்ணாடி மாதிரி, குடல்ல பச்சையே தெரியலன்னா பட்டினி. நீந்துற கொம்போட நுனி சிதைஞ்சு உதிருற மாதிரி இருந்தா செலினியம் பத்தல, நாலே உப்பு போட்ட தண்ணில மாசக்கணக்கா வளத்தா இது வரும், அதுக்குத்தான் எம்4, எம்7 மாதிரி நுண்ணூட்டம் சேத்த மீடியம் இருக்கு. ஆனா அந்த மீடியத்துல ஈடிடிஏ இருக்குறதால உலோகத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உலோகம் இருக்குற கழிவுநீரை அதுல டைல்யூட் பண்ணி டெஸ்ட் வச்சா விஷம் குறைவா தெரியும். வளக்குறது எம்4ல, டெஸ்ட்டு ஐஎஸ்ஓ தண்ணில, இதை குழப்பிக்காதீங்க. 20 டிகிரில முதல் ஈடு (ஒரு தடவைல போடுற குட்டிங்க) எட்டு பத்து நாள்ல வந்து, அப்புறம் மூணு நாளுக்கு ஒரு தடவை வர்றது ஆரோக்கியம். முதல் ஈட்டுக் குட்டியை டெஸ்ட்டுக்கு எடுக்க வேணாம்.

சாம்பிள் வந்த அன்னைக்கு குட்டிங்களை ஒன்னும் பண்ணல, டெஸ்ட் முடியும்போது எல்லாம் செத்துக் கிடக்கு

இதுலதான் நான் அதிக நாளை விட்டிருக்கேன், அதனால பொறுமையா படிங்க.

24 மணி நேரத்துல எல்லாம் நீந்துது, 48ல பாதிக்கு மேல அசையல, ரசாயன ரிப்போர்ட்ல பெருசா எதுவும் இல்ல. முதல்ல டெஸ்ட் முடிஞ்ச தண்ணில ஆக்சிஜன் அளங்க. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா சாவுக்கு காரணம் மூச்சுத்திணறல்னு சந்தேகப்படணும், அந்த டெஸ்ட்டை வச்சு விஷம்னு சொல்ல முடியாது. பிஓடி (கழிவை பாக்டீரியா சிதைக்கத் தேவைப்படுற ஆக்சிஜன்) அதிகமா இருக்குற கழிவுநீர்ல பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னு தீத்துடும்.

சரி, ஆக்சிஜன் கம்மின்னு தெரிஞ்சதும் எல்லாரும் என்ன பண்ணுவோம், அடுத்த தடவை சாம்பிளுக்கு நல்லா ஏர் விட்டுட்டு டெஸ்ட் வைப்போம். இப்ப இன்னும் வேகமா சாகும்! ஏன்னா ஏர் விட்டதுல கரைஞ்சிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுச்சு, பிஎச் ஏறிடுச்சு, பிஎச் ஏறுனா அம்மோனியா ஆளே மாறிடும். தண்ணில அம்மோனியா ரெண்டு வடிவத்துல இருக்கு, மின்னூட்டம் உள்ள அம்மோனியம், மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. முதலாவது அவ்வளவா கெடுதல் பண்ணாது, ரெண்டாவது செவுளுக்குள்ள நேரா நுழைஞ்சுடும். 20 டிகிரில பிஎச் 7ல ரெண்டாவது வடிவம் மொத்தத்துல 0.4 சதவீதம்தான், பிஎச் 8ல கிட்டத்தட்ட 4, பிஎச் 9ல 28.

கணக்குப் போட்டுப் பாருங்க. சாம்பிள்ல மொத்த அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 25 மி.கி., வந்தப்ப பிஎச் 7.4. மின்னூட்டம் இல்லாதது 1 சதவீதம், அதாவது 0.25 மி.கி. குட்டிங்க பொறுத்துக்கும். திறந்த பீக்கர்ல ரெண்டு நாள் நின்னு பிஎச் 8.5 ஆச்சு, இப்ப 11 சதவீதம், 2.8 மி.கி. தண்ணில ஒரு சொட்டு அம்மோனியா கூட சேரல, ஆனா விஷம் பதினோரு மடங்கு. ரசாயன ரிப்போர்ட்ல ரெண்டு நாளும் அதே 25தான். மொத்த அம்மோனியாவை மட்டும் பாக்குறவங்களுக்கு இது கடைசி வரைக்கும் புரியாது.

அதனால டெஸ்ட் தொடக்கத்துல ஒரு பிஎச், 24ல ஒன்னு, 48ல ஒன்னு, ஒவ்வொரு செறிவுலயும் எழுதுங்க. எழுதாம விட்டா அப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு டெஸ்ட்டுக்குள்ள பிஎச் 1.5 அலகுக்கு மேல நகரக்கூடாது. அம்மோனியாதான்னு உறுதி பண்ண ஒரே சாம்பிளை பிஎச் 6.5, 7.5, 8.5ன்னு மூணுல பிடிச்சு வச்சு ஓட்டுங்க, மூடுன ஜாடில மேல இருக்குற காத்துல கார்பன் டை ஆக்சைடு அளவை மாத்தி பிஎச்சைப் பிடிக்கலாம். கீழ போகப் போக சாவு குறைஞ்சு, மேல போகப் போக கூடுனா அம்மோனியா மேல கை வைக்கலாம். கூடவே ஜியோலைட்ல ஓட்டி ஒரு டெஸ்ட், அது அம்மோனியத்தை பிடிச்சுக்கும், ஆனா சில உலோகத்தையும் சேத்து பிடிக்கும், அதனால ஜியோலைட்டை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க.

இங்க ஒன்னு சொல்லியாகணும். "அது வெறும் பிஎச் நகர்ந்ததால வந்தது, நிஜ விஷம் இல்ல"ன்னு சிலர் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த கழிவுநீர் போய் விழுற ஆத்துல பகல்ல ஆல்கா கார்பன் டை ஆக்சைடை இழுத்து பிஎச்சை 8.5க்கு மேல கொண்டு போச்சுன்னா அங்க இருக்குற மீனுக்கும் இதே கணக்குதான். பீக்கர்ல எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிறது அந்த மீனுக்காகத்தான்.

ரெண்டு பேர் எண்ணுனா ரெண்டு நம்பர்

சாவு எண்ணல, அசையாம இருக்குறதை எண்ணுறோம். பீக்கரை லேசா சுழட்டி விட்டு 15 விநாடி பாருங்க, நீந்தலன்னா அசையாததுன்னு கணக்கு, கொம்பு துடிச்சாலும் சரி. "பாவம் இன்னும் உயிர் இருக்கு"ன்னு விடுறவங்களால ஈசி50 நகர்ந்துடும். கடிகாரம் வச்சு பண்ணுங்க, கீழ கருப்பு தாள் போடுங்க.

செறிவு கூடுனா சாவு குறையுதுன்னா முதல்ல லேபிள் மாறிச்சான்னு பாருங்க, அடுத்து சாம்பிளை நல்லா குலுக்காம ஊத்துனீங்களா. ரெண்டும் இல்லன்னா டைல்யூஷன் தண்ணியே குத்தவாளி, சாம்பிள் அதிகம் இருக்குற பீக்கர்ல அந்த மோசமான தண்ணி கம்மியா இருக்குல்ல.

ஒளிவிடுற பாக்டீரியால தடுப்பு மைனஸ்ல வருது, இல்ல எதைக் கொடுத்தாலும் 90 சதவீதம்

இந்த டெஸ்ட்ல பாக்டீரியாவோட வெளிச்சம் எவ்வளவு குறையுதுங்கிறதுதான் தடுப்பு. அலிவிப்ரியோ ஃபிஷரி கடல் பாக்டீரியா, 15 டிகிரி வேணும், 2 சதவீத உப்பு வேணும். சாம்பிள்ல உப்பு சேக்க மறந்தா உடனே வெளிச்சம் விழுந்துடும், அதைப் பாத்து கொடிய விஷம்னு எழுதுன ரிப்போர்ட் என் கைக்கே வந்திருக்கு. உப்பை கரைசலா சேத்தா சாம்பிள் நீர்த்துப்போகும், பொடியாவே சேருங்க.

மைனஸ் வந்தா, அதாவது கன்ட்ரோலை விட அதிகமா ஒளிவிட்டா, பயப்பட வேணாம், கழிவுநீர்ல சத்து இருக்கும், கொஞ்சமா விஷம் இருந்தாலும் சில சமயம் ஒளி தூண்டப்படும், மேல் செறிவுல என்ன ஆகுதுன்னு பாருங்க. சாயக் கழிவு மாதிரி சிவப்பு, காப்பிக்கலர், கருப்பு சாம்பிள்னா இந்த பாக்டீரியா விடுற 490 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சை ஒளியை அந்த கலரே குடிச்சுடும், பாக்டீரியா நல்லாத்தான் இருக்கும், மீட்டருக்குத்தான் தெரியாது. கலர் கரெக்‌ஷன் க்யூவெட் வச்சு கழிங்க. கலங்கலா இருந்தா சென்ட்ரிஃப்யூஜ். கன்ட்ரோலோட திருத்தக் காரணி (கன்ட்ரோலோட ஒளி தொடக்க ஒளில எத்தனை மடங்குன்னு காட்டுற நம்பர்) 30 நிமிஷத்துல 0.6க்கும் 1.8க்கும் நடுவுல இல்லன்னா பாக்டீரியாவை கரைச்ச விதத்துலயே பிரச்சனை.

ஒரு நல்ல துப்பு: 5 நிமிஷ ரிசல்ட்டையும் 30 நிமிஷ ரிசல்ட்டையும் பக்கத்துல வைங்க. ஃபீனால் மாதிரி கரிமப் பொருள் சட்டுன்னு அடிக்கும், அப்புறம் பெருசா மாறாது. துத்தநாகம் மாதிரி உலோகம் மெதுவா ஏறும்.

ஆல்கா வளரல, இல்ல சாம்பிள்ல கன்ட்ரோலை விட ஜோரா வளருது

கன்ட்ரோல்ல 72 மணி நேரத்துல 16 மடங்காவது பெருகணும். பெருகலன்னா மைக்ரோஸ்கோப்ல ஒரு சொட்டு பாருங்க, ரோட்டிஃபர், புரோட்டோசோவா எதாவது உள்ள புகுந்து மேஞ்சுக்கிட்டு இருக்கலாம். வெளிச்சத்தை ஃப்ளாஸ்க் நிக்கிற இடத்துல அளங்க, விளக்குல அளக்காதீங்க. சாம்பிள்ல ஜோரா வளந்தா நைட்ரஜன் பாஸ்பரஸ் நிறைய இருக்குன்னு அர்த்தம், விஷம் இல்லன்னு அர்த்தம் இல்ல, உரம் விஷத்தை மூடி மறைக்கலாம். கலர் சாம்பிள்ல வளர்ச்சி குறைஞ்சா அது நிழலா விஷமான்னு தெரிஞ்சுக்க, ஆல்கா இருக்குற ஃப்ளாஸ்க்கை சுத்தி அந்த கலர் தண்ணி நிக்கிற மாதிரி வெளிப் பாத்திரத்துல வச்சுப் பாருங்க. அப்பவும் அதே அளவு குறைஞ்சா நிழல்தான்.

ஏரேஷன் டேங்க் சேற்றுல வோர்டிசெல்லாவை காணோம்

இது லேப் டெஸ்ட் இல்ல, சுத்திகரிப்பு பிளான்ட்டுல காத்து ஊதி கழிவைச் சிதைக்கிற தொட்டிலயே இருக்குற நுண்ணுயிர் காவல்காரங்க. தினமும் ஒரே நேரத்துல ஒரு சொட்டு சேறு எடுத்து ஸ்லைடுல பாக்குற பழக்கம் இருந்தா பெரிய ஆபத்தை ஒரு நாள் முன்னாடியே பிடிச்சுடலாம். வோர்டிசெல்லா மணி மாதிரி, ஒரு காம்புல நின்னுக்கிட்டு வாயைச் சுத்தி இருக்குற ரோமத்தால தண்ணியைச் சுழட்டும், தொட்டா காம்பு ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு மறுபடி மெதுவா நீளும். அது நீண்டு நின்னு சுழட்டிக்கிட்டு இருந்தா எல்லாம் நல்லா இருக்கு. மணி உப்பி பந்து மாதிரி ஆகி, ரோமம் நின்னு போயிருந்தா ஆக்சிஜனை பாருங்க. காம்பு மட்டும் இருக்கு, தலையைக் காணோம்னா இடம் சரியில்லன்னு கழண்டு நீந்திப் போயிடுச்சு. சிலியேட், ரோட்டிஃபர், ஃப்ளாஜெல்லேட்னு இருக்குற நுண்ணுயிருங்க எல்லாமே ஒரே நாள்ல அசைவு நின்னா விஷ அதிர்ச்சி, உள்ள வர்ற கழிவை உடனே ஈக்வலைசேஷன் டேங்குக்கு (கழிவைத் தேக்கி சமப்படுத்துற தொட்டி) திருப்புங்க, காரணத்தை அப்புறம் தேடிக்கலாம். ஆனா ஸ்லைடு போட்டு பத்து நிமிஷம் விளக்கு சூட்டுல வச்சிட்டு பாத்தா எல்லாமே செத்துத்தான் இருக்கும். எடுத்ததும் பாருங்க, மூணு ஸ்லைடு பாருங்க.

உறுதி பண்ண, அந்த சேற்றோட ஆக்சிஜன் எடுக்குற வேகத்தை நல்ல கழிவு கலந்தும் சந்தேகப்படுற கழிவு கலந்தும் அளந்து ஒப்பிடுங்க. வேகம் பாதியா விழுந்தா சந்தேகமே வேணாம்.

சிப்பி எல்லாம் ஒரே நேரத்துல வாயை மூடிக்கிச்சு

தண்ணி கெட்டா சிப்பி ஓட்டை மூடிக்கும், அதை சென்சார்ல பாத்து அலாரம் அடிக்க வைக்கிறது ஒரு கண்காணிப்பு முறை. 1986 நவம்பர் 1ல சுவிட்சர்லாந்தோட பாஸல் பக்கத்துல ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடிச்சு, அணைச்ச தண்ணியோட பூச்சிக்கொல்லி ரைன் ஆத்துல போய், விலாங்கு மீன் கூட்டம் கூட்டமா செத்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஆத்துல டாஃப்னியா, சிப்பி வச்ச தொடர் கண்காணிப்பு வேகமெடுத்துச்சு. வார்ஸாவோட குடிநீர் எடுக்குற இடத்துலயும் சிப்பி ஓட்டுல சென்சார் ஒட்டி வச்சிருக்காங்க.

அலாரம் அடிச்சா முதல்ல எத்தனை சிப்பி மூடுச்சுன்னு பாருங்க. ஒன்னு ரெண்டுன்னா அதோட சொந்த விஷயம், சிப்பி தானாவே அப்பப்ப மூடிக்கும். எல்லாமே மூடுனா கலங்கல் மீட்டர், ஆக்சிஜன், வெப்பநிலை மூணையும் அந்த நிமிஷத்துக்கு எடுங்க, பக்கத்துல பம்ப் ஓடுன அதிர்வா, யாராவது மூடியைத் திறந்து நிழல் விழுந்ததான்னு கேளுங்க. எதுவும் ஒத்து வரலன்னா அந்த நேரத்து தண்ணியை உடனே பாட்டில்ல பிடிச்சு வைங்க, ஆராய்ச்சி பண்ணிட்டு பிடிக்கலாம்னு நின்னா அந்த தண்ணி கீழ போயிருக்கும். பல மாசமா அலாரமே வரலன்னாலும் சந்தேகப்படுங்க, அந்த தண்ணிக்குப் பழகிப்போன சிப்பி மந்தமாயிடும், மாத்தணும்.

டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனா ஓடைல பூச்சியே இல்ல

சுத்தமான தண்ணியைக் காட்டுற மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை பூச்சிங்களோட லார்வாங்க இருக்க வேண்டிய கல்லுக்கடில சிவப்பு கைரோனோமஸ் புழுவும் ட்யூபிஃபெக்ஸும் மட்டும் கிடக்கு. அந்த சிவப்பும் ஹீமோகுளோபின்தான், ஆக்சிஜன் இல்லாத சேற்றுலயும் பிழைக்கும். கழிவு விழுற இடத்துக்கு மேல்பக்கம் அதே மாதிரி கல்லு, அதே வேகம் இருக்குற இடத்துல 0.5 மில்லிமீட்டர் வலையை வச்சு மூணு நிமிஷம் காலால கிளறி பிடிங்க. மேல்பக்கமும் இல்லன்னா உங்க கழிவை குத்தம் சொல்ல முடியாது, சமீபத்துல வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போயிருக்கலாம், பூச்சியா பறந்து போற பருவமா இருக்கலாம். ஸ்டோன்ஃப்ளைக்கு குளிர்ந்து ஓடுற தண்ணி வேணும், சூடான சமவெளி ஓடைல அது இல்லாததை மாசுன்னு எழுதாதீங்க.

மேல்பக்கம் இருந்து கீழ்பக்கம் இல்லன்னா உங்க சாம்பிள் எடுக்குற நேரத்தை பாருங்க. காலைல பத்து மணிக்கு ஒரு பாட்டில் எடுத்து டெஸ்ட் வச்சா, ராத்திரி ரெண்டு மணிக்கு விட்டது அதுல இருக்காது. ஓடைல இருக்குற லார்வா அங்கேயே ராத்திரி பகல் இருக்கு. 24 மணி நேர கலப்பு சாம்பிள் எடுங்க, அதுலயும் குறுகிய நேர விஷம் நீர்த்துப்போகும்னு நினைவுல வச்சு, கடத்துத்திறன் மீட்டர் திடீர்னு ஏறுற நேரத்துல தனியா பிடிங்க.

எல்லாம் சரியா இருக்கு, நிஜமாவே விஷம், ஆனா எதுன்னு தெரியல

இப்பதான் பிரிச்சுப் பாக்குற வேலை. அதே சாம்பிளை பல பங்கா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் ஒரு வேலை பண்ணி டாஃப்னியாவை விடுங்க. சோடியம் தயோசல்ஃபேட் சேத்ததும் பொழச்சா குளோரின் மாதிரி ஆக்சிஜனேற்றிகள். ஈடிடிஏ சேத்ததும் பொழச்சா செம்பு, துத்தநாகம், காட்மியம் வகை. தயோசல்ஃபேட் சில உலோகத்தையும் பிடிக்கும், அதனால ரெண்டையும் சேத்துப் படிங்க. வடிகட்டுனதும் பொழச்சா விஷம் துகள்ல ஒட்டியிருக்கு. சி18 காலம்ல (கரிமப் பொருளைப் பிடிச்சு வைக்கிற குழாய்) ஓட்டுனதும் பொழச்சா எண்ணெயோட சேருற கரிமப் பொருள், அந்த காலத்தை மெத்தனால்ல கழுவி வர்றதை மறுபடி குட்டிக்கு கொடுத்து சாவு திரும்ப வருதான்னு பாத்தாதான் நிரூபணம். ஒவ்வொரு வேலையையும் வெறும் டைல்யூஷன் தண்ணிக்கும் பண்ணி ஒரு கன்ட்ரோல் வைங்க, ஈடிடிஏ அதிகமானா அதுவே கால்சியத்தை பிடுங்கி கொன்னுடும்.

மூணு உயிரோட ரிசல்ட்டை சேத்து வச்சாலும் துப்பு கிடைக்கும். டாஃப்னியா சாகுது, பாக்டீரியாவுக்கும் ஆல்காவுக்கும் ஒன்னும் இல்லன்னா பூச்சிக்கொல்லியை நினைங்க. ஆல்காவும் டக்வீடும் (தண்ணில மிதக்குற சின்னச் செடி) மட்டும் படுத்தா களைக்கொல்லி.

பூச்சிக்கொல்லின்னு தோணுனா பைபெரோனைல் பியூட்டாக்சைடு சேத்து ஒரு டெஸ்ட். குளோர்பைரிஃபாஸ், டயசினான் வகை, உடம்புக்குள்ள போய் என்சைம் மாத்துன பிறகுதான் கடும் விஷமாகும், அந்த என்சைமை இது தடுக்குறதால குட்டி பொழைக்கும். பைரித்ராய்டுன்னா தலைகீழ், அதை உடைக்கிற என்சைமே தடுக்கப்படுறதால இன்னும் சீக்கிரம் சாகும். அப்படி சீக்கிரம் செத்துச்சுன்னா அடுத்த சாம்பிளை பிளாஸ்டிக் கேன்ல எடுக்காதீங்க, பைரித்ராய்டு பிளாஸ்டிக் சுவத்துல ஒட்டிக்கும், கண்ணாடி பாட்டில்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி, 4 டிகிரில இருட்டுல வச்சு, மறுநாளே டெஸ்ட்டை வைங்க.